கம்பெனி கொடுத்த ரேட்டு

வாசித்துப் பார்க்காமல் அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் வாரக் கூலிச் சீட்டுக் கொடுக்கும்போது, வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கிற டிரைவர்களுக்கு இது பெரிய தொல்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுப்பார். அதன் ஒரு காலை வலை பின்னுகிற நைலான் நூலால் கட்டியிருப்பார். சீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உதடு அசைய, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசிப்பார். பிறகு என் மேஜைக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"மக்கா, கம்பெனி என்ன ரேட்டு குடுத்துது?"

"எனக்குத் தெரியாது அண்ணா. மொதலாளிட்ட கேளுங்க."

"செரி."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். முகத்தில் கோபமோ சலிப்போ இருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை, முதல் தடவை கேட்பதுபோல அதையே கேட்பார். முதலாளியிடமும் கேட்டிருக்கிறார். "உனக்குப் பேசின ரேட்டு கிட்டுதா இல்லியா? பின்ன கம்பெனி எனக்கு என்ன தந்தா உனக்கென்ன?" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்வார். "அறிஞ்சிருக்கணும், அதாக்கும்" என்பார் இவர்.

கேரள எல்லைக்குள், பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ். தமிழ்நாட்டுக் குவாரிகளில் கல் ஏற்றி, களியக்காவிளை செக்போஸ்ட்டைக் கடந்து, கோட்டுகாலுக்கு அப்பால் கடலில் அலைத் தடுப்புக்குக் கல் போடுகிற வேலைக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். கல் கேட்பது கம்பெனி. கொண்டுபோவது லாரிக்காரர்கள். நடுவில் நின்று லோடு பிடித்துக் கொடுப்பவர் எங்கள் முதலாளி. குவாரிக்குத் தமிழில் கடிதம், டிரைவருக்கு மலையாளத்தில் சீட்டு, கம்பெனிக்கு இங்கிலீஷில் பில். விளவங்கோட்டுப் பக்கம் பிறந்து பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட எனக்கு மூன்றும் வரும் என்பதால் அந்த வேலை கிடைத்தது. என் கணவர் சாரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து படுத்திருந்த சமயம் அது. சேர்ந்த அன்றே முதலாளி ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கையில் கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆக, கம்பெனி டன்னுக்கு என்ன கொடுக்கிறது என்று பில் அடிப்பவளும் நான். டிரைவருக்கு என்ன என்று சீட்டு அடிப்பவளும் நான். இரண்டும் ஒரே பிரிண்டரில்தான் வந்து விழும். தெரியாது என்று நான் சொன்னது முதல் வெள்ளிக்கிழமையிலிருந்தே பொய்.

அவர் காரோட்டுக் கடற்கரையில் பிறந்தவர். கூடப் பிறந்த அண்ணன் கடலில் இறந்துபோனதும், இவரைக் கடலுக்கு அனுப்ப மாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக நின்றுவிட்டாளாம். அப்படித்தான் வண்டிக்கு வந்தார். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். கல் இறக்கித் திரும்புகிற சில நாட்களில் கரையில் வண்டியை ஓரம் கட்டி, எனக்கும் ஆபீஸில் இன்னும் இரண்டு பேருக்கும் மீன் வாங்கி வருவார். கவரைக் கையில் தரும்போதே சொல்லிவிடுவார்.

"சாளை. ஏலத்துல நூத்தி அறுவதுக்கு எடுத்தது. ஐஸுக்கு பத்து. கொண்டு வந்ததுக்கு எனக்கு இருவது."

ஒருநாள் நான் கேட்டேன். "அந்த இருவதையும் மீன் வெலையில சேத்துச் சொன்னா எங்களுக்குத் தெரியவா போவுது அண்ணா?"

"தெரியாது. அதுனாலயாக்கும் சொல்லுதது" என்றார். "கடப்பொறத்துல ஏலக்காரன் எல்லாரும் கேக்கத்தான் வெல கூவுவான். ஒருத்தனுக்க காதுல மட்டும் சொன்னா மத்தவன் வாங்க மாட்டான். வெல சொல்லாத மீனு நாறின மீனு, கேட்டியா."

மற்ற டிரைவர்கள் அவருக்கு 'இருவது ரூவா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் முன்னாலேயே கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அவர் ஓட்டியது லீஸ் வண்டி. லாரி எங்கள் முதலாளி பெயரில் இருக்கும். இவர் வாராவாரம் ஒரு தொகை கட்டிக்கொண்டே வரவேண்டும். நான்கு வருடம் தவறாமல் கட்டினால் வண்டி இவர் பெயருக்கு மாறும். அதுவரை டீசல், டயர், ஒர்க்‌ஷாப், ஃபைன் எல்லாம் இவர் தலையில். லோடு எங்கள் ஆபீஸ் கொடுப்பதை மட்டும்தான் எடுக்கலாம், வெளியே ஓடக்கூடாது. மூன்று வாரம் கட்டவில்லை என்றால் வண்டி ஆபீஸுக்குத் திரும்பிவிடும், அதுவரை கட்டியது போனது போனதுதான். அந்த ஒப்பந்தத் தாளை அவர் நான்கு நாள் வீட்டில் வைத்திருந்தார். கோயில் பாதிரியாரான அச்சனிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு ஐந்தாம் நாள் வந்தார்.

"ஒரு வரி சேக்கணும் மொதலாளி. கம்பெனி தருகிய சீட்ட எனக்கும் காட்டணும்."

"காட்டாம பின்ன? அதையெல்லாமா எழுதி வைக்கியது? நம்பிக்கை இல்லியா உனக்கு?"

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. சொந்தமாக ஒரு வண்டி என்பது அந்த வயதில் இனி ஒருமுறைதான் வரும். அந்த வரி இல்லாமலேயே கையெழுத்துப் போட்டார். 

மூன்று வருடம் போனது. ஒரு மழைக்காலத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, அந்த வாரத்திலிருந்தே டிரைவர் சீட்டில் டன்னுக்கு நாற்பது ரூபாய் குறைத்து அடிக்கச் சொன்னார். கேட்டால் கம்பெனி குறைத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அதே வாரம் கம்பெனியிலிருந்து வந்த கடிதமும் என் மேஜையில்தான் இருந்தது. டீசல் விலை ஏறியதால் டன்னுக்கு முப்பது ரூபாய் கூட்டித் தருவதாக அதில் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை டிரைவர்கள் சத்தம் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இவர் கடைசியில் நின்றார். என்னை ஜன்னல் பக்கம் வரச்சொல்லி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மக்கா, நீ தொகை ஒண்ணும் சொல்லண்டாம். உனக்க வேலைக்கு ஒரு கேடும் வரண்டாம். கம்பெனி கொறச்சது உள்ளதா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"உள்ளதுதான் அண்ணா. கொறச்சிருக்கு."

பயத்தில் சொன்னேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அன்று பயம்கூட இல்லை. மணி ஆறரை, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், வீட்டில் கணவரைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லை. அதுதான் மனதில் இருந்தது. உள்ளது என்றால் பேச்சு முடிந்துவிடும் என்று தோன்றியது. முடியவும் செய்தது. "அப்ப செரி. கம்பெனி கொறச்சா மொதலாளி என்ன செய்வாரு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். அத்தனை வருடத்தில் என் வார்த்தையை முழுதாக நம்பி அவர் போனது அன்றுதான்.

அதுவரை அவர் நாளுக்கு இரண்டு லோடு ஓடுவார். முதலாவது ராத்திரியில், இரண்டாவது விடிவதற்கு முன்பு. காலையில் பள்ளிக்கூட நேரத்தில் கனரக வண்டிகள் ஓடக்கூடாது என்பதால், ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். ரேட்டு குறைந்ததும் வாரத் தொகை கட்ட இரண்டு லோடு பற்றவில்லை. மூன்றாவது எடுத்தார். விடிகாலையில் இறக்கிவிட்டு நேரே குவாரிக்குத் திரும்பி ஏற்றிக்கொள்வார். களியக்காவிளையில் வரிசையில் நின்று, பத்து மணிக்கு வண்டிகளை விட்டதும் கிளம்புவார். உறக்கம் என்பது அந்த வரிசையில் ஸ்டியரிங்கில் தலை வைக்கிற நேரம்தான்.

மீன் வருவது நின்றது. வெள்ளிக்கிழமைகளில் சீட்டை வாசிக்கும்போது ஒரே வரியில் கண் நின்றுவிடும். பிறகு தலையை உலுக்கிக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார்.

ஒருநாள் மத்தியானம் அவருடைய மனைவி ஆபீஸுக்கு வந்தாள். தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், சேலை ஓரமெல்லாம் மண். முதலாளி இல்லை. என் மேஜைக்கு எதிரே உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தங்கச்சி, அவரு பாயில படுத்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. சோறு திங்க இருந்தா கையி சோத்துல இருக்கு, கண்ணு மூடியிருக்கு. வண்டி நமக்கு ஆக இன்னும் எட்டு ஒம்பது மாசம்தான் உண்டுண்ணு சொல்லுதாரு. ரேட்டு பழையபடி ஆகுமாண்ணு மொதலாளிட்ட ஒரு வாக்கு கேட்டுப் பாப்பியளா?"

"கேக்கியேன் அக்கா" என்றேன். கேட்கவில்லை.

மூன்றாவது லோடு எடுக்கத் தொடங்கி பத்தொன்பதாம் நாள், காலை பத்தே முக்காலுக்கு ஆபீஸ் போன் அடித்தது.

"மக்கா, நானாக்கும். உதியன்குளங்கரையில வச்சு நான் ஒறங்கிப் போனேன். வண்டி எடது பக்கம் எறங்கிப்போச்சு. ஓரத்துல நின்ன எளநிக்காரருக்க காலுல ஏறிட்டு. ஆம்புலன்ஸ் வந்து கொண்டு போயாச்சு. போலீசுக்கு நானே விளிச்சுச் சொன்னேன். மொதலாளிட்ட சொல்லிரு."

மீன் விலை சொல்கிற அதே வரிசை, அதே நிதானம். கடைசியில் மட்டும், போனை வைக்காமல் விட்டுவிட்டார். நான்தான் வைத்தேன்.

இளநீர்க்காரருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. நாற்பது வயதுக்காரர், இரண்டு பெண்பிள்ளைகள்.

இவர் ஜாமீனில் வந்த மறுநாள் முதலாளி ஆபீஸுக்குக் கூப்பிட்டார். வக்கீல் எழுதிய தாள் ஒன்று மேஜையில் இருந்தது. இளநீர்க்காரர் திடீரென்று தள்ளுவண்டியை ரோட்டில் இறக்கினார், பிரேக் பிடித்தும் நிற்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து போடு. பின்ன உனக்கும் கேஸ் லேசாவும், எனக்கும் தொல்லை இல்ல" என்றார் முதலாளி.

இவர் கண்ணாடியை எடுத்து ஜன்னலுக்குப் போனார். முழுவதையும் வாசித்தார். திரும்பி வந்து தாளை மேஜையில் வைத்தார்.

"இது நடக்காதது மொதலாளி."

"எலே, நடந்தத எழுதினா உனக்க லைசென்ஸ் போவும். ஜெயிலும் போவ. நீ ஒறங்கினத ஆரு கண்டா?"

"நான் கண்டேன். அவரு குறுக்க வரல்ல. அவருக்க எடத்துல நின்னாரு. நான்தான் அங்க போனேன்."

முதலாளி தாளை மடித்து டிராயரில் வைத்தார். மேலே பேசத் தேவை இருக்கவில்லை. லாரி போலீஸ் ஸ்டேஷன் பின்னால் நின்றது, லோடு இல்லை, வாரத் தொகை மட்டும் நாள் தவறாமல் ஏறியது. மூன்றாவது வாரம் முடிந்ததும் ஒப்பந்தப்படி வண்டி ஆபீஸுக்குத் திரும்பியது. மூன்று வருடத்துக்கு மேல் கட்டிய பணம் அதோடு போயிற்று. சாவியைக் கொடுக்க அவர் வந்தபோது, கணக்குத் தாளை நான்தான் நீட்டினேன். டயர், ஒர்க்‌ஷாப் பாக்கி என்று அவர் இன்னும் தரவேண்டியது போட்டிருந்தது. வாசித்தார். கையெழுத்துப் போடாமல் திருப்பித் தந்தார். வழக்கமான கேள்விக்காக நான் காத்திருந்தேன். அன்று கேட்கவில்லை.

இளநீர்க்காரர் திருவனந்தபுரத்தில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இவர் பஸ் ஏறி அங்கே போவார். முதல் தடவை போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "வண்டி ஓட்டினது நானாக்கும். ஒறங்கிப் போனேன். உங்கமேல ஒரு தப்பும் இல்ல. ஸ்டேஷன்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்" என்று சொன்னாராம். இளநீர்க்காரரின் மனைவி கையிலிருந்த கஞ்சிப் பாத்திரத்தை அவர்மேல் எறிந்திருக்கிறாள். கீழே கிடந்த பாத்திரத்தை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் போனார். மூன்றாவது ஞாயிறு அவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். இதையெல்லாம் பிற்பாடு அந்த இளநீர்க்காரரே நெய்யாற்றின்கரை கோர்ட் வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னார்.

நஷ்டஈட்டுக் கேஸ் விசாரணைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஆபீஸிலிருந்து லோடு ஷீட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று எனக்குச் சம்மன் வந்தது. "லோடு ஷீட் மட்டும் கொண்டு போனா போதும், பிள்ளே" என்றார் முதலாளி. நான் அதோடு கம்பெனியின் கடிதத்தையும், அந்த மாதத்து பில்லையும் பைக்குள் வைத்துக்கொண்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று முடிவு எதுவும் எடுத்திருக்கவில்லை. பையில் இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் அவரை விசாரித்தார்கள். முதலாளியின் வக்கீல், மூன்றாவது லோடு எடுக்கச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். யாருமில்லை என்றார். அப்படியானால் பணத்தாசையில் எடுத்ததுதானே என்றார் வக்கீல்.

"ரேட்டு கொறஞ்சுது. வண்டிக்கு வாரப் பணம் அடைக்கணும். அதுனால எடுத்தேன்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "கம்பெனியாக்கும் கொறச்சது. மொதலாளி இல்ல" என்று சேர்த்துச் சொன்னார்.

முதலாளிக்காக அவர் அதைச் சொல்லவில்லை. உண்மை என்று நினைத்ததால் சொன்னார். நான் கொடுத்த உண்மை அது.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பத்தொன்பது நாளின் லோடு எண்ணிக்கையை வாசித்தேன். மூன்று, மூன்று, மூன்று என்று வாசித்துக்கொண்டே போனேன். இளநீர்க்காரரின் வக்கீல், கம்பெனி எப்போது ரேட்டைக் குறைத்தது என்று போகிற போக்கில் கேட்டார்.

"கொறைக்கல்ல சார். கூட்டித் தந்தாங்க" என்றேன்.

பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். முதலாளியின் வக்கீல் எழுந்தார். ஜட்ஜ் கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார். வண்டி முதலாளிக்கும் டிரைவருக்கும் இடையில் உள்ள கணக்கு இந்தக் கேஸுக்கு வேண்டியதில்லை, அதை எழுத வேண்டாம் என்றார். கடிதத்தை யாரும் வாங்கவில்லை. நான் சொன்னது எந்தத் தாளிலும் ஏறவில்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது. பின் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானமே முதலாளி போனில் கூப்பிட்டு, நாளை முதல் வரவேண்டாம் என்றார். இப்போது நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மனு அடித்துக் கொடுக்கிறேன். இளநீர்க்காரருக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்தது, கேட்டதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தக் கோர்ட் நாளுக்குப் பிறகு நான் டிரைவர் அண்ணனைப் பார்க்கவில்லை. லைசென்ஸ் போய், கொல்லம் பக்கம் ஓர் ஐஸ் பிளான்ட்டில் பாளம் தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். டயர் கடைக்கு மேல் ஆபீஸ் அப்படியே இருக்கிறது, போர்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த லாரியை இப்போது வேறொருவர் லீஸுக்கு ஓட்டுகிறார்.

அன்று சாட்சி சொல்லிவிட்டுக் கோர்ட்டிலிருந்து நான் வெளியே வந்தபோது அவர் படியில் நின்றிருந்தார். என்னைத் தவிர்க்கவில்லை. கிட்ட வந்தார்.

"மக்கா, கூட்டித் தந்தது எந்த மாசம்?"

"கொறச்சாங்கண்ணு சொன்ன அதே வாரம் அண்ணா."

"நான் ஜன்னல்கிட்ட வச்சுக் கேட்டப்போ உனக்கு அறியுமா?"

"அறியும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வராந்தா ஓரத்தில் இளநீர்க்காரர் கக்கத்துக் கட்டையை முதல் படியில் ஊன்றலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரையே பார்த்தபடி இவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, உதடு அசைய, எதையோ கூட்டினார்.

"அந்த ரேட்டு கிட்டியிருந்தா ரெண்டு லோடு மதி, மூணாவது எடுக்கண்டாம்" என்றார். "ரெண்டு லோடுண்ணா, அந்த நேரத்துல நான் வீட்டுல கெடந்து ஒறங்கிட்டிருப்பேன். இல்லியா?"

பதில் வேண்டித்தான் கேட்டார்.

"ஆமா அண்ணா" என்றேன்.

"செரி" என்றார். பிறகு போய், இளநீர்க்காரரின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாக அவரைக் கீழே இறக்கினார்.